மாறினது பிள்ளையா, இடமா?

(வடகரையில் மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்க பிள்ளைகளுக்குப் படிப்புல ஆர்வமே கிடையாது. வகுப்புல வாயைத் திறக்காது." இந்தப் பேச்சைக் கேட்காத தலித் மாணவர் இங்கே உண்டா? நானும் கேட்டவன்தான். கல்லூரியில் மூணு வருசம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதே நான் ராத்திரியானா நம்ம தெருத் திண்ணையில் பத்துப் பேருக்குப் பாடம் சொன்னேன். விடிய விடிய வாதம் பண்ணுவோம்.

கற்பதில் பண்பாட்டு வேறுபாடு உண்டு என்கிறார்கள். உண்டுதான். தனியாக உட்கார்ந்து தனக்காகப் படிப்பது ஒரு பண்பாடு. ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து படிப்பது நம்முடையது. ஆனால் வகுப்பறையில் நாம் ஊமையாவதையும் பண்பாடு என்றால் அது பொய். அது சாதி செய்கிற வேலை.

உத்தரப்பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களிடம் ஒரு சோதனை செய்து, கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2004இல் வெளியிட்டார்கள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர். சாதியைச் சொல்லாமல் கொடுத்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ சமம். எல்லார் முன்னாலும் சாதியைச் சொல்லிவிட்டுக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். "ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க" என்று வகுப்பில் சொல்கிறார்களே, அது என்ன? இதே சோதனைதான், தினமும்.

சாத்தாராவில் கோணிச் சாக்கில் தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போய் அண்ணல் அம்பேத்கராக எழுந்தான். பரோடா அரசின் உதவித்தொகை இருந்தது. பக்கத்தில் உட்கார யாரும் கூசவில்லை.

2016இல் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2017இல் தில்லியில் சேலத்து முத்துக்கிருஷ்ணனை இழந்தோம். இருவரும் ஆய்வு மாணவர்கள். ஊக்கமில்லாமலா அவ்வளவு தூரம் போனார்கள்?

தெருவே காத்திருக்கிறது என்ற நினைப்பு நம்மைப் படிக்க வைக்கிறது. அதே நினைப்பு ஒரு தாளில் தோற்றாலும் ஊருக்குத் திரும்ப முடியாமல் அழுத்துகிறது. அந்தச் சுமையை ஒரு பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது.

ஆகவே ஒரு வேலை. தென்காசி, குற்றாலம், அபிஷேகப்பட்டி என்று படிக்கப் போகும் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பேற்க வேண்டும். உதவித்தொகை வந்ததா, விடுதியில் இடம் கிடைத்ததா, யாராவது இழிவாகப் பேசினார்களா என்று வாரம் ஒருமுறை விசாரிக்கணும். அநியாயம் நடந்தால் மனுக் கொடுக்க ஒற்றையாகப் போகாதீங்க, கூட்டமாகப் போங்க. ராத்திரிப் படிப்பு மறுபடி தொடங்கட்டும். பொறுப்பேற்கிறவர்கள் கலைவதற்கு முன் பெயர் கொடுங்க.