சத்து வேறு, சுத்தம் வேறு

(அடையாறில் மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உணவு என்கிற தலைப்பில் பேசச் சொன்னார்கள். ஆரோக்கியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் உஷாராகிவிடும். அது தனியா வராது. ‘சுத்தம்’னு ஒரு தம்பியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுதான் வரும். அந்தத் தம்பி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல நம்ம சட்டியைத்தான் எட்டிப் பார்ப்பான்.

ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். சமையல் கலைஞர் ஜேக்கப்பை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரர். சன் டிவியில் ‘ஆஹா என்ன ருசி’ நடத்தியவர். சத்துணவில் கலவைச் சாதங்கள் கொண்டுவர அரசு திட்டமிட்டபோது, அந்தச் சமையலைச் சத்துணவுப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையில் அவரும் இருந்தார். 2012 நவம்பரில், 38 வயதில் இறந்துபோனார். அந்த உணவுப் பட்டியல் 2013 மார்ச்சில் மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம் என்று சோதனை முறையில் வந்தபோது பார்க்க அவர் இல்லை.

அதற்கு முன்னால் தட்டில் என்ன இருந்தது? சோறு, சாம்பார், முட்டை. பருப்பு எங்கே என்று சாம்பாரில் தேட வேண்டும். புதுப் பட்டியலில் வெஜிடபிள் பிரியாணி வந்தது. கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம் வந்தது. அவித்து உருட்டிவிட்ட முட்டை, மிளகு முட்டையாகவும் வெங்காயத் தக்காளி மசாலா முட்டையாகவும் ஆனது. சிலர் கேலி பேசினார்கள். ஓசிச் சோத்துக்கு பிரியாணியா என்றார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. ருசி என்பது கொழுப்பெடுத்தவன் சமாச்சாரம் இல்லை. வாயில் வைக்க முடியாத சோற்றைப் பிள்ளை கொட்டிவிட்டுப் போகும். குப்பைத் தொட்டிக்குப் போன புரதம் யாருக்குப் புரதம்? ஏழைப் பிள்ளைக்கும் நாக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பட்டியல் அது. நூறு பிள்ளைக்கு ஒரே அண்டாவில், குறித்த நேரத்துக்குள், குழையாமல் பிரியாணி இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய சமையல்காரர் அதற்காக வந்து நின்றது மரியாதைக்குரியது.

ஆனால் ஜேக்கப் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் அண்டாவை ஏற்றுவது யார்? இறக்குவது யார்? தொலைக்காட்சியில் வெள்ளைத் தொப்பி வைத்துச் சமைத்தால் கலைஞர். பள்ளிக்கூடத்தில் புடவை முந்தானையால் அண்டாவைப் பிடித்து இறக்கினால் ஆயா. ஒரே வேலை, இரண்டு பெயர். தொப்பிக்காரரிடம் யாரும் நீ என்ன ஆளு என்று கேட்பதில்லை. ஆயாவிடம் கேட்கிறான்.

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம். அங்குள்ள அரசுப் பள்ளிக்குச் சமையலராக மாற்றலாகி வந்த ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியைப் பூட்டினார்கள். அதிகாரி என்ன செய்தார்? பூட்டியவனைப் பிடிக்கவில்லை, சமைத்தவரை மாற்றினார். நம் அமைப்புகள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஏழு வருஷம் கழித்து 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறை. அந்த அம்மாவின் பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவரை எத்தனை முறைதான் மேடைக்கு இழுப்பது? நாம் ஒப்பிக்க வேண்டியது பூட்டியவர்களின் பெயரை.

2021 டிசம்பரில் உத்தரகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் இதே கதை. தலித் பெண் சமைத்ததை மேல்சாதிப் பிள்ளைகள் தொடவில்லை, அவருடைய வேலை போனது, சத்தம் எழுந்த பிறகு திரும்பக் கிடைத்தது. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் காலை உணவை தலித் பெண் சமைக்கிறார் என்று பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டார்கள். போனது சரிதான், போகாமல் இருந்திருந்தால் கேட்டிருப்போம். ஆனால் எம்.பி. வந்தால்தான் ஒரு தலித் பெண் வைத்த உப்புமா உணவாகும் என்றால், எம்.பி. வராத நாளில் அது என்ன?

இதில் முக்கியமான ஒன்று. 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது அது. எவ்வளவு கூர்மையான உத்தரவு பாருங்கள்! சமபந்தி போஜனம் என்று வருஷத்துக்கு ஒருநாள் கோயிலில் நடத்துகிறார்களே, அதில் நம்மைப் பந்தியில் உட்காரவைக்கிறார்கள். சமையற்கட்டுக்குள் விடுவதில்லை. இந்த உத்தரவு கரண்டியை நம் கையில் கொடுக்கச் சொன்னது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் தோழர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

“இதெல்லாம் கிராமத்துல சார், மெட்ராஸ்ல யாரு இதெல்லாம் பார்க்குறா?” இது எங்கே போனாலும் கேட்கிற கேள்வி. சரி, மெட்ராசுக்கே வருவோம். நாம் உட்கார்ந்திருக்கிற அடையாறிலிருந்தே ஆரம்பிப்போம்.

1894இல் கர்னல் ஆல்காட் பறையர் பிள்ளைகளுக்காக இங்கே இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரில் அது இன்னும் இருக்கிறது. அவருக்குப் பின் 1907இல் தியாசபிகல் சொசைட்டியின் தலைவரானவர் அன்னி பெசன்ட். 1909இல் ‘இண்டியன் ரிவ்யூ’ பத்திரிகையில் அந்த அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் வாதம். காரணம் என்ன சொன்னார்? சாப்பாடு. தலைமுறை தலைமுறையாக வாடை வீசும் உணவாலும் குடியாலும் ஆன உடம்பு இது, சில தலைமுறைகள் சுத்தமான உணவைத் தின்ற பிறகுதான் பக்கத்தில் உட்காரும் தகுதி வரும் என்கிற அர்த்தத்தில் எழுதினார். 1945இல் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் இதை எடுத்துப்போட்டுக் காட்டுகிறார்.

பசித்த பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று அந்தக் கட்டுரை யோசிக்கவில்லை. பிள்ளையின் உடம்பே குற்றவாளி, உணவுதான் சாட்சி. ‘சுத்தம்’ என்ற சொல் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே, அச்சில் இருக்கிற ஆவணம் இது.

பதினொரு வருஷம் கழித்து, 1920இல், சென்னை மாநகராட்சியில் தியாகராயச் செட்டியார் இன்னொரு கணக்குப் போட்டார். ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள், பசியால் வருகை குறைகிறது, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுப்போம் என்பது செப்டம்பர் 16ஆம் தேதித் தீர்மானம். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று 1925இல் வெள்ளை அரசாங்கம் நிறுத்திவிட்டது. தி.நகரில் துணி எடுக்கப் போகும்போது அந்த ‘தி’ யாரென்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நீதிக்கட்சி மீது நமக்கு விமர்சனம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் பெசன்ட் கணக்கு சுத்தம், தியாகராயர் கணக்கு பசி. நூறு வருஷமாக இந்த இரண்டு கணக்கும்தான் மாறி மாறி வருகிறது.

1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று பெயர் வைத்தார். சத்து என்ற சொல் அங்கே உட்கார்ந்தது நல்லது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998இல் வாரம் ஒன்று, 2010இல் வாரம் ஐந்து. இந்த ஒரு முட்டைக்கு இருக்கிற வரலாறு சில கட்சிகளுக்கு இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க விடமாட்டேன் என்று முதலமைச்சரே நின்றார். அவர் மாநிலத்தில் பழங்குடிப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருந்தது அவருக்குத் தெரியாததல்ல.

அந்தச் சைவக் காற்று இங்கேயும் அடித்தது. 2019இல் திருவான்மியூர்ச் சமையல் கூடத்திலிருந்து அட்சய பாத்திரம் அறக்கட்டளை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றுக்குக் காலை உணவு கொடுத்தது. 2020 பிப்ரவரியில் அதை விரிவாக்க அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தன் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் கொடுத்தார். வெங்காயம், பூண்டு கிடையாது. இஸ்கான் வழி வந்த அமைப்பு, அது அவர்கள் விரதம். கோயிலில் வைத்துக்கொள்ளட்டும். கர்நாடகத்தில் ஊட்டச்சத்து நிறுவனத்தின் சான்றையே காட்டினார்கள், வெங்காயம் பூண்டு இல்லாமலும் சத்து குறையாது என்று. இருக்கலாம். காகிதத்தில் குறையாது. வீட்டில் வெங்காயமும் பூண்டும் தாளித்த ரசத்தோடு வளர்ந்த பிள்ளை அதைத் தின்கிறதா என்பதல்லவா கேள்வி? ஜேக்கப் வெங்காய மசாலாவை முட்டைக்குள் கொண்டுவந்தார், இவர்கள் வெங்காயத்தையே வெளியே தள்ளினார்கள். இரண்டுக்கும் பெயர் ஆரோக்கிய உணவுதான்!

2022 செப்டம்பரில் மதுரையில் அரசே காலை உணவைத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது தொடக்க விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடந்தது. கபாலீஸ்வரர் கோயில் அன்னதானத்துக்கு அறியப்பட்ட மயிலாப்பூரில், அன்னதானம் இல்லாத ஒரு சோறு. தானம் வாங்குகிறவன் கை கீழே இருக்க வேண்டும். இது உரிமை, பிள்ளை நிமிர்ந்து தட்டை நீட்டலாம். ஆனால் முட்டை மதியத்தில்தான். காலையில் கிச்சடி, பொங்கல், உப்புமா, சாம்பார். அதிலும் முட்டை வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். மெட்ராசில் ஏன் யாரும் பள்ளியைப் பூட்டுவதில்லை? பூட்ட அவசியமில்லை, தோழர்களே. பூட்டுகிறவனின் பிள்ளை அந்தப் பள்ளியில் இல்லவே இல்லை. அவன் ஃபீஸ் கட்டி எப்போதோ வெளியேறிவிட்டான். மாநகராட்சிப் பள்ளியில் குப்பத்துப் பிள்ளை, துப்புரவுத் தொழிலாளி பிள்ளை, வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளைதான் பெரும்பாலும் மிச்சம். கிராமத்தில் தீண்டாமை கதவில் பூட்டாகத் தொங்குகிறது, நகரத்தில் ஃபீஸ் ரசீதாக இருக்கிறது. நான் படிக்கும்போது ‘சத்துணவு’ என்பதே ஒரு பட்டப்பெயர். “டேய் சத்துணவு” என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவன் சாதியைச் சொல்லவே இல்லை, பாருங்கள்.

இன்னொரு கூத்து. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அடையாறிலும் தி.நகரிலும் இயற்கை அங்காடியில் கேழ்வரகும் தினையும் பளபளவென்று பாக்கெட்டில் நிற்கின்றன. சமையல் கலைஞர்கள் டிவியில் ராகி தோசை சுடுகிறார்கள். நம் ஆத்தா மண்கலயத்தில் கரைத்த கூழ், பறச்சேரிக் கூழ் என்று ஏளனம் செய்யப்பட்ட கூழ், இப்போது ஹெல்த் டிரிங்க். வரட்டும், பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் கேழ்வரகை எடுத்துக்கொண்டவர்கள் கருவாட்டை ஏன் விட்டுவிட்டார்கள்? ஈரல், சுவரொட்டி, மாட்டுக்கறி ஏன் எந்த ஆரோக்கியப் பட்டியலிலும் வருவதில்லை? இரும்புச்சத்து கீரையிலிருந்து சேர்வதைவிட ஈரலிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் உடம்பில் நன்றாகச் சேரும், இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். ரத்தசோகை பிடித்த சிறுமிக்கு மாத்திரை கொடுப்பார்கள், சுவரொட்டி கொடுக்க மாட்டார்கள். மாத்திரைக்கு வாடை இல்லையே! பெசன்ட் அம்மையார் போய்விட்டார், அவர் மூக்கு இன்னும் இங்கேயேதான் இருக்கிறது.

கடைசியாகச் சம்பளம். நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். மாதம் பிறந்ததும் ஓய்வுபெற்ற சத்துணவு அம்மாக்கள் வருவார்கள். முப்பது வருஷம் சமைத்தவருக்கு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாயாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடும் விரலில் சூடுபட்ட தழும்பு இருக்கும். முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நூறு ரூபாய் கணக்கிலே இருக்கட்டும் தம்பி என்பார்கள். 2024 கடைசியில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசாணை வந்தது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். நாளுக்கு நூறு ரூபாய். தி.நகர் ஓட்டலில் ஒரு சாப்பாடு அந்த விலைக்குக் கிடைக்காது. பிள்ளைகளின் ஆரோக்கியம் என்று பேசுகிற யாராவது, சமைக்கிற அம்மா மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார்களா? பட்டியலை மாற்ற நட்சத்திரச் சமையல்காரரைக் கூப்பிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரோடு பக்கத்தில் அந்த அம்மாவையும் நிற்கவைத்து, காலமுறை ஊதியத்தையும் கொடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மயிலாப்பூர், மந்தைவெளி, சைதாப்பேட்டை, திருவான்மியூர் மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போங்கள். தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், சமையற்கட்டுக்கும் போங்கள். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். நியமனத்தில் 2004 உத்தரவு பின்பற்றப்பட்டிருக்கிறதா? சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்கு வருகிறது? அவர் சமைத்ததை ஆசிரியர்கள் சாப்பிடுகிறார்களா, இல்லை டிபன் பாக்சைத் திறக்கிறார்களா? எந்த நாள் சாப்பாட்டை அதிகம் கொட்டுகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம்.