மருந்துச்சீட்டு எழுதும் உரிமை யாருக்கு?

மருந்துச்சீட்டை யார் எழுதலாம் என்பது மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கு அல்ல. மாத்திரையை விழுங்குகிற நாமும் பேச வேண்டிய வழக்கு. சட்டம் தெளிவாக இருக்கிறது. மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள ‘எச் 1’ அட்டவணை இன்னும் கடுமையானது. வீரியமான ஆன்டிபயாடிக்கையும் காசநோய் மருந்தையும் விற்றால், எழுதியவர் யார், வாங்கியவர் யார், எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் நம் உத்திரமேரூர் வட்டாரத்தில், மானாம்பதிக்கும் சாலவாக்கத்துக்கும் அப்பால் உள்ள கிராமத்தில் காய்ச்சல் வந்தால், ஒரு நாள் கூலியை விட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். அதனால்தான் ஏழை மெடிக்கல் கடை வாசலில் நின்று, “ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க” என்கிறார். சீட்டு எழுதத் தகுதியானவர் அருகில் இல்லாத இடத்தில், தகுதியில்லாதவர் வாயாலேயே சீட்டு எழுதிவிடுகிறார்.

ஆகவே என் வாதம் இதுதான்: பயிற்சி பெற்ற செவிலியருக்கு, வரையறுத்த மருந்துப் பட்டியலுக்குள், சீட்டு எழுதும் உரிமை தர வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32-ஆம் பிரிவில், சமூக சுகாதார வழங்குநர் என்றொரு நிலையை வைத்திருக்கிறது. அவர் ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுதலாம். மற்றவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். பிரிட்டனில் தனிப்பயிற்சி முடித்த செவிலியர் பல ஆண்டுகளாகச் சீட்டு எழுதுகிறார்கள். நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வாசலுக்கு வர முடியுமானால், தகுதியான ஆலோசனையும் வர முடியும்.

“கிராமத்தானுக்கு இரண்டாந்தர மருத்துவமா?” என்று சிலர் கேட்பார்கள். அந்த 32-ஆம் பிரிவு அடங்கிய மசோதாவை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2019 ஜூலை 31 அன்று நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தது. அவர்கள் அச்சம் பொய்யல்ல. ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், பயிலாத முறையில் மருந்து கொடுத்ததே அலட்சியம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பயின்றதை மட்டும் எழுது, பயிலாததைத் தொடாதே என்பதே அதன் சாரம். செவிலியரின் பட்டியலில் ‘எச் 1’ மருந்து வேண்டாம்; ஆபத்தான அறிகுறி கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்பும் கடமை வேண்டும்; எழுதிய ஒவ்வொரு சீட்டும் தணிக்கைக்கு வர வேண்டும். இன்று ஏழைக்கு மாற்றாக இருப்பது எம்.பி.பி.எஸ். மருத்துவர் அல்ல, கணக்கே இல்லாத கடை வாசல்தான் என்பதை மறக்கக் கூடாது.

நம் உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர் நிர்வாக வாரியத்துக்கு வர வயது, கல்வி, நிலம் என்று தகுதி வகுத்தது. கணக்குக் காட்டாதவரை விலக்கியது. நிலமில்லாதவரை ஒதுக்கிய அந்த அளவுகோலை நாம் இன்று ஏற்க மாட்டோம். ஆனால் அதிகாரத்துக்குத் தகுதியும் கணக்கும் வேண்டும் என்ற நெறி மருந்துச்சீட்டுக்கும் பொருந்தும். எனவே, பெரியோர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள்: எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும், அவருக்கு வரையறுத்த உரிமை வேண்டும், சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனை நிற்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.