மின் ஸ்கூட்டருக்கு லிதியம் பற்றரி: எதனை மாற்றுவது, எங்கே மின்னேற்றுவது?

(விட்பியில் நடைபெற்ற பெற்றோர் - இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நான் கற்றது பொறியியல், தொழில் புரிவது கணினித்துறையில். அதனாலோ என்னவோ, மின் ஸ்கூட்டரிலுள்ள ஈயப் பற்றரியை அகற்றிவிட்டு லிதியம் பற்றரியைப் பூட்டுவது எவ்வாறு என்று இளையோர் பலர் என்னிடம் வினவுகின்றனர். அவர்களின் தாய் தந்தையர் கேட்பதோ வேறு கேள்வி: "தம்பி, இது வீட்டை எரிக்குமா?" இவ்விரு கேள்விகளுக்குமான விடை பெரும்பாலும் மின்னேற்றியிலும், அதனை வைத்து மின்னேற்றும் இடத்திலுமே தங்கியுள்ளது.

பெற்றோரின் அச்சம் வீணானதன்று. 2022 மார்ச் மாத இறுதியில், தமிழகத்தின் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு விடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் அவரது மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அது எவரும் மாற்றியமைத்த வண்டியன்று; புதிதாக வாங்கியது. நம் அருகிலும் 2023 டிசம்பர் 31 அன்று, ரொறன்ரோவின் ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்கத் தொடருந்துப் பெட்டிக்குள் மின்சைக்கிள் ஒன்று எரிந்தது. நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லிதியம் பற்றரித் தீயினால் 18 பேர் மாண்டனர்.

அவ்வாறிருந்தும் இளையோர் ஏன் மாற்ற விரும்புகின்றனர்? காரணம் நியாயமானதே. 48 வோல்ற் ஸ்கூட்டரொன்றில் 12 வோல்ற் ஈயப் பற்றரிகள் நான்கு இருக்கும். அவை சேர்ந்து ஏறத்தாழ 25 கிலோவுக்கு மேல் நிறை கொண்டவை. லிதியத்தில் அதே ஆற்றல் பாதிக்கும் குறைந்த நிறையில் கிடைக்கின்றது, பல மடங்கு காலம் உழைக்கின்றது. உணவு விநியோகம் செய்து கல்விக்கட்டணம் திரட்டும் மாணவருக்கு அது சிறிய விடயமன்று.

இனி, தவறு நிகழும் இடத்திற்கு வருகின்றேன். பழைய ஈயப் பற்றரியின் மின்னேற்றி, "48 வோல்ற்" என்று எழுதப்பட்டிருப்பினும், உச்சத்தில் ஏறத்தாழ 58 அல்லது 59 வோல்ற் தருகின்றது. சந்தையில் "48 வோல்ற்" என விற்கப்படும் லிதியம் பற்றரியில் வழமையாக 13 மின்கலங்கள் தொடராக இருக்கும். ஒவ்வொன்றினதும் எல்லை 4.2 வோல்ற். ஆகவே முழுப் பற்றரிக்கும் 54.6 வோல்ற்றே உச்சம். 59ஐ 13ஆல் வகுத்துப் பாருங்கள், 4.5ஐத் தாண்டுகின்றது. அந்நிலையில் தீயைத் தடுத்து நிற்பது உள்ளேயிருக்கும் பி.எம்.எஸ் எனப்படும் பாதுகாப்புச் சுற்று ஒன்றுதான். இறுதிக் காவலாக அமைக்கப்பட்ட அதனை அன்றாடக் காவலாளியாக்குவது அறிவீனம்.

லிதியம் இரும்பு பொசுபேற்று வகை ஒப்பீட்டளவில் சாதுவானது. ஆனால் 16 கலங்கள் கொண்ட அவ்வகைப் பற்றரியின் உச்சம் 58.4 வோல்ற். பழைய மின்னேற்றியின் அளவுக்கு அது மிக அண்மித்திருப்பதே "இது போதும்தானே" என்ற எண்ணத்தைத் தூண்டுகின்றது. போதாது. பற்றரிக்கென அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்ட மின்னேற்றியையே பாவியுங்கள். பழையதை வீட்டில் வைத்திராதீர்கள், ஏனெனில் செருகி பொருந்தினால் யாரேனும் ஒருவர் என்றோ ஒருநாள் அதனைச் செருகியே தீருவார்.

தனிக் கலங்களை வாங்கி வீட்டிலேயே பற்றரி கட்டுவதையும், பழைய மடிக்கணினிக் கலங்களைச் சேர்ப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பொறியியல் கற்றவன் என்ற முறையிலேயே இதனைச் சொல்கின்றேன். யூ.எல் 2271 தரச்சான்று பெற்ற பற்றரியை வாங்குங்கள். அதற்குப் பணம் போதாதெனில், ஈயப் பற்றரியுடனேயே இன்னும் ஓராண்டு ஓடுங்கள். 60 வோல்ற் பூட்டி வேகத்தைக் கூட்ட நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஒன்ராறியோவில் 500 வாற், மணிக்கு 32 கிலோமீற்றர் என்பதே எல்லை. அதனைத் தாண்டினால் அது சட்டப்படி மின்சைக்கிள் அன்று.

அடுத்தது, நம் ஊரின் குளிர். உறைநிலைக்குக் கீழ் லிதியம் பற்றரி ஓடும். ஆனால் மின்னேறக் கூடாது. பூச்சியம் பாகைக்குக் கீழ் மின்னேற்றும்போது லிதியம் கலத்தினுள் உலோகமாகப் படிகின்றது. அப்படிவு மீளாது, நாளடைவில் உட்குறுஞ்சுற்றுக்கு வழிவகுக்கக்கூடும். ஜனவரியில் வெப்பமூட்டப்படாத கராஜில் மின்னேற்ற இயலாது என்பதனால்தான் பற்றரி வீட்டுக்குள் வருகின்றது, பெரும்பாலும் நிலக்கீழ்த்தளத்திற்கு.

பெற்றோரிடம் நான் வேண்டுவது இங்கேதான். நம்மவர் வீடுகள் பலவற்றின் நிலக்கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஒரு குடும்பமோ, ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளோ இருக்கின்றனர். படிக்கட்டின் அடியிலோ கதவருகிலோ பற்றரி எரிந்தால் அவர்கள் வெளியேற வழியில்லை. எனவே, வெளியேறும் பாதையில் ஒருபோதும் மின்னேற்றாதீர்கள். குளிரிலிருந்து கொண்டுவந்த பற்றரியைச் சில மணிநேரம் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, கட்டில், மெத்தை, துணி, அட்டைப்பெட்டி அருகில்லாத சீமெந்துத் தரையில், நேரடியாகச் சுவர்ச் செருகியில், ஒருவர் விழித்திருக்கும் வேளையில் மின்னேற்றுங்கள். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஈயத்தைப்போல் இரவு முழுவதும் பூட்டி வைத்திருக்க வேண்டிய தேவை லிதியத்திற்கு இல்லை. புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் இருக்கவேண்டுமென்பது ஒன்ராறியோவின் தீப்பாதுகாப்பு விதி. நிலக்கீழ்த்தளமும் ஒரு தளமே.

பற்றரி வீங்கினால், இனிப்புக் கலந்த இரசாயன வாடை வீசினால், சீறல் கேட்டால் அணைக்க முயலவேண்டாம். ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தை எரிக்க, நச்சுப்புகை நிமிடக்கணக்கில் வீட்டை நிரப்பிவிடும். அனைவரையும் எழுப்பி வெளியேறி, கதவை மூடி, 911ஐ அழையுங்கள். அணைந்ததுபோல் தோன்றிய பற்றரி மணிநேரங்களின் பின்னரும் மீண்டும் பற்றக்கூடும். அதனைத் தீயணைப்புப் படையினர் பார்த்துக்கொள்வர்.

மின்னேற்றிகளை எடுத்துவரும்படி முன்னரே கேட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் இப்பக்க மேசைக்கு வாருங்கள். அடியிலுள்ள தகட்டில் வெளியீட்டு வோல்ற் எவ்வளவு என்பதனையும், சி.எஸ்.ஏ அல்லது யூ.எல் முத்திரை உள்ளதா என்பதனையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசிப்போம்.