பொறுக்கி எடுப்பதா? புடம் போடுவதா?



ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெருமை மாணவரைப் பொறுக்கி எடுப்பதாலா, உள்ளே வந்தவரைப் புடம் போடுவதாலா? புடம் போடுவதால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவுக்கே போயிட்டார். இண்டியானா மாநிலத்திலே நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். இப்போதெல்லாம் நூறு பேர் மனுப் போட்டா பத்துப் பேர் அளவிலேதான் இடம். "அதுதாங்க பெருமை"ன்னார்.

ஐயா, நான் சந்தைக்குப் போய் வெண்டைக்காயை நுனி ஒடிச்சுப் பார்த்துப் பொறுக்கி வாங்குறேன். குழம்பு ருசியா இருந்தா, "எல்லாம் நான் பொறுக்கின காய்"னு வீட்டிலே சொல்ல முடியுமா? கரண்டி பறக்கும்! (சிரிப்பு)

அதே நோட்டர் டேமுக்கு நானும் வர்றேன். 1842 நவம்பர். எட்வர்டு சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வயது 28, பனிக்காட்டிலே ஒரு மரக்குடிசையிலே தொடங்கினார். மார்க் ஷீட்டா கேட்டார்? சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி, கைத்தொழில் பள்ளி எல்லாம் அங்கே நடந்தது. 1879 ஏப்ரலில் பெரிய கட்டடம் எரிந்து போச்சு. செப்டம்பரில் புதுக் கட்டடத்திலே வகுப்பு நடந்தது! (கைதட்டல்)

பாடத்திட்டத்தைப் பாருங்கள். பொறியியல் படித்தாலும் வணிகம் படித்தாலும் இறையியலில் இரண்டு பாடம் கட்டாயம். கட்டடக்கலை மாணவர் மூன்றாம் ஆண்டு ரோமாபுரிக்கே போய்ப் படிக்கிறார். இதெல்லாம் வாசலில் நடப்பதா? உள்ளே நடப்பது!

நூட் ராக்னி என்று ஒருவர். சிகாகோ தபால் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, 1910-இல், 22 வயதில் அங்கே சேர்ந்தார். ஜூலியஸ் நியூலண்ட் என்ற பாதிரியாரின் வேதியியல் ஆய்வுக்கூடத்திலே உதவியாளரா இருந்தார். பின்னாளில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக நாடறியப் புகழ் பெற்றார். அந்த நியூலண்டும் அதே கல்லூரியில் படித்தவர்தான்! அசிட்டிலீன் வாயுவில் அவர் செய்த ஆராய்ச்சியிலிருந்துதான் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் வந்தது. தபால் ஆபீஸ்காரருக்குக் கதவைச் சாத்தியிருந்தா நஷ்டம் யாருக்கு?

எதிரணி அம்மா, "திறமை பார்த்துத்தானே எடுக்கறாங்க"ன்னு கேட்டாங்க. அம்மா, அந்தப் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பிலே பெண்களைச் சேர்த்தது 1972-இல். 130 வருஷம் எத்தனையோ பெண்கள் வெளியே நின்றாங்களே, திறமை இல்லாமலா? அவங்களைப் பரீட்சித்தே பார்க்கலையே! (பலத்த கைதட்டல்)

இடம் குறைவு, ஆள் அதிகம். தேர்வு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது இடப் பற்றாக்குறைக்குக் கணக்கு. பெருமைக்குக் கணக்கு ஆகுமா? அதே பல்கலைக்கழகம் 2024-இல், வெளிநாட்டு மாணவர் உட்பட யாருக்கும் குடும்பத்தின் பண வசதியைப் பார்த்து இடம் மறுப்பதில்லை என்று அறிவித்தது. அதைச் சொல்லுங்கள், நானும் கை தட்டுகிறேன்.

இடம் கிடைக்கவில்லை என்ற கடிதத்தோடு எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்திருக்கிறது. "உனக்குத் திறமை இல்லை" என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. "எங்களிடம் நாற்காலி இல்லை" என்றுதான் சொல்கிறது. பெற்றோரே, அதை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.

தங்கத்தை எடை போடத் தராசு போதும். நகை செய்யத்தான் தட்டான் வேண்டும். பல்கலைக்கழகம் தராசு அல்ல, தட்டான் என்று கூறி விடைபெறுகிறேன்.