கேதார மலையில் பாதி வழி வரை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் குழு கேதார்நாத் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோயிலைப் பார்க்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது திரும்பி வந்தவள் நான். ஏன் திரும்பினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் குழுவில் 14 பேர். சந்தாவைத் தவிர மாசம் 200 ரூபாய் தனியாகப் போட்டு வந்தோம். 36 மாசத்தில் ஆளுக்கு 7,200 ரூபாய். அதோடு ஆளுக்கு 5,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, 9 பேர் கிளம்பினோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்று சின்ன வயதில் கேட்டதுதான். அவ்வளவு தூரம் நாமே போவோம் என்று யார் நினைத்தது?

2023-ம் வருஷம் மே மாசம். அந்த வருஷம் ஏப்ரல் 25-ம் தேதி கோயில் திறந்தார்கள். திறந்த பிறகும் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மே முதல் வாரத்தில் பனிச்சரிவு பாதையில் விழுந்து, யாத்திரையையே நிறுத்தி வைத்தார்கள். நாங்கள் போனது அதற்கு அடுத்த வாரம்.

கௌரிகுண்டிலிருந்து கோயில் வரை 16 கிலோமீட்டர் நடை. 2013 வெள்ளத்தில் ராம்பாடா என்ற இடமே அடித்துப் போனது. அதற்குப் பிறகு அங்கிருந்து மந்தாகினி ஆற்றின் மறுகரையில் புதுப் பாதை போட்டார்கள். அது பழையதை விடச் செங்குத்து. கௌரிகுண்டு சுமார் 2,000 மீட்டர் உயரம். கோயில் 3,583 மீட்டர். ஒரே நாளில் அவ்வளவு ஏறுகிறோம். அங்கே மேலே போனால், நம்ம ஊரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இதெல்லாம் திரும்பி வந்த பிறகு தெரிந்துகொண்டது. போகும்போது எங்களுக்குத் தெரிந்தது சதுரகிரி ஏறிய தைரியம் மட்டும்தான்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். சேலைக்குள்ளே பேன்ட், மேலே ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா, அதுக்கு மேலே பிளாஸ்டிக் மழைக்கோட்டு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சு முடியல. கையில் இரும்புப் பூண் போட்ட மூங்கில் கம்பு. பீம்பலி வரை பாட்டும் பேச்சுமாகத்தான் போனோம்.

எங்கள் குழுப் பொருளாளர் அக்காவுக்கு 54 வயசு. கணக்கில் ஒரு ரூபாய் இடிக்காது. அன்றைக்கு மட்டும் அவர் பேசவே இல்லை. பீம்பலியில் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். டீயும் குடிக்கவில்லை. டீ குடிக்காத அக்காவை நான் பார்த்ததே கிடையாது. "என்னக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தங்கச்சி, நீ நட" என்றார். நானும், "வாங்கக்கா, இவ்வளவு காசு போட்டு வந்துட்டு உட்கார முடியுமா?" என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

லிஞ்சோலியை நெருங்கும்போது பனி வந்தது. மலையிலிருந்து இறங்கிய பனியை வெட்டி, நடுவில் பாதை போட்டிருந்தார்கள். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச் சுவர். வெயில் பட்டு, கால் வைக்கிற இடம் கஞ்சி மாதிரி குழைஞ்சு கிடந்தது. அதில் கோவேறு கழுதைச் சாணமும் கலந்து சேறு. மதியம் ஆனதும் மேகம் இறங்கி மழை. அப்புறம் மழையே பனியாக விழுந்தது.

அந்த இடத்தில் அக்கா குடித்தவர் மாதிரி தள்ளாடினார். கம்பை ஊன்றத் தெரியவில்லை. பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார், முந்தின நாள் ராத்திரியிலிருந்தே மண்டை பிளக்கிற தலைவலியாம். யாருக்கும் தெரியாமல் மாத்திரை போட்டு வந்திருக்கிறார். "என்னால எல்லாரும் நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார்.

எங்களில் ஒருத்தர், "கடையில உட்கார வச்சுட்டுப் போவோம், நாளைக்கு வரும்போது கூட்டிக்கலாம்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. மூணு வருஷச் சேமிப்பு. முதுகில் கூடை கட்டி ஆள் சுமக்கிற நேபாளத் தம்பி ஒருவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீச்சே, நீச்சே" என்று கையைக் கீழே காட்டினார். பாஷை தெரியாத எங்களுக்கும் அது புரிந்தது.

பக்கத்தில் மருத்துவ முகாம் இருந்தது. டாக்டர் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். 68 காட்டியது. ஆக்ஸிஜன் வைத்தார். "இது கொஞ்ச நேரம் தாங்கும். உயரத்தால் வந்த நோய்க்கு மருந்து கீழே இறங்குவதுதான். இப்போதே இறங்குங்கள்" என்றார்.

அங்கேயே நின்று மழையில் ஒரு குழுக் கூட்டம் போட்டோம். ஆறு பேர் மேலே போவது, ஊக்குநர் என்ற முறையில் நானும் இன்னொரு தங்கச்சியும் அக்காவோடு இறங்குவது என்று முடிவு. அந்த நேபாளத் தம்பியே கூடையில் அக்காவைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது உண்மை. கோபமும் வந்தது உண்மை. பீம்பலி வந்ததும் அக்கா கண்ணைத் திறந்து பேசினார். கௌரிகுண்டு வந்ததும், "டீ கிடைக்குமா தங்கச்சி?" என்றார். என் கோபமெல்லாம் அதோடு போச்சு.

மேலே போன ஆறு பேரும் நல்லபடியாகத் தரிசனம் பண்ணினார்கள். மறுநாள் அவர்கள் இறங்கும்போது, நேற்றுக் கஞ்சியாக இருந்த அதே பாதை ராத்திரிக் குளிரில் உறைந்து கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஒருத்தர் வழுக்கி விழுந்த பிறகு, வெயில் ஏறும்வரை காத்திருந்து வந்தார்கள்.

போக நினைக்கிற தோழிகளுக்குச் சில விஷயம். வழியில் ஒன்றிரண்டு இரவு தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்குங்கள். தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். பருத்திக் காலுறை நனைந்தால் காயாது, கம்பளிதான் வேண்டும். கழுதை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். பாதையை விட்டுப் பனி மேல் ஏறாதீர்கள், அடியில் தண்ணீர் ஓடி உள்ளே கூடாக இருக்கும். தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. தள்ளாட்டம் வந்தால், உட்கார்ந்தே மூச்சு வாங்கினால், உடனே இறங்க வேண்டும்.

ஊர் வந்து முதல் கூட்டம். கூடைக்கூலியைத் தானே கட்டுவதாக அக்கா பணத்தோடு வந்தார். அது குழுவின் பொதுச் செலவு என்று தீர்மானம் எழுதினோம். பிறகு நான் எழுந்து, பீம்பலியில் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டீ குடிக்காததைப் பார்த்தேன், தெரிந்தும் நடக்கச் சொன்னேன் என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்போது மூலையில் இருந்த ஒரு தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அவள் மலைக்கு வந்தவள் கூட இல்லை. எட்டு மாசமாக வட்டிக்கு வாங்கித்தான் குழுத் தவணையைக் கட்டி வந்தாளாம். "என்னால குழுவுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள். அக்கா மலையில் சொன்ன அதே வார்த்தை! தவணை தவறாத உறுப்பினர் என்று நாங்கள்தான் அவளுக்குக் கைதட்டியிருக்கிறோம்.

அவளுடைய தவணையைப் பாதியாக்கி, கால அவகாசம் கொடுத்து, வெளிவட்டியை அடைக்க உள்கடன் கொடுத்தோம். இப்போது முக்கால்வாசி கட்டிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் பணப்பெட்டியைத் திறக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்கிறோம்: "இந்த மாசம் யாருக்கு என்ன கஷ்டம்?" கேட்டுவிட்டு அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் குழுவிலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாசம் 200 ரூபாய் மறுபடி போட ஆரம்பித்திருக்கிறோம். இந்தத் தடவை செப்டம்பர் கடைசியில், மழை ஓய்ந்து, பனி விழும் முன்னால் போவதாகத் திட்டம். கணக்கு எழுதுவது அதே பொருளாளர் அக்காதான். "பீம்பலியில நான் டீ குடிக்கிறேனான்னு பாத்துக்க தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார்.