அலமாரி மேலிருக்கும் ஜப்பான் கித்தார்



தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றில், அலமாரியின் மேலோ கட்டிலின் அடியிலோ ஒரு பழைய மின்சாரக் கித்தார் இன்றும் கிடக்கிறது. அப்பா வாசித்தது, அல்லது மாமா வாசித்தது. கம்பி துருப்பிடித்திருக்கும்; குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும். 'இது ஜப்பான் காப்பிதானே, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம்' என்று பிள்ளை சொல்லுவான். அப்படித் தூக்கிப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது என்ன, குறைந்த செலவில் அதைச் சீர்படுத்துவது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நானே ஒரு கித்தாரைக் கெடுத்தவன். நான் பால்வெட்டுக்காரரின் மகன். கோத்தா திங்கி வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் தந்தையாரும் அவருடைய கூட்டாளிகள் ஐவரும் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, ஜொகூர் பாருவில் ஒரு பழைய ஜப்பான் கித்தாரை வாங்கினார்கள். மாரியம்மன் திருவிழாவிலும் கல்யாண வீடுகளிலும் அது ஒலித்தது. பிறகு தோட்டத்தில் வேலை குறைந்தது. ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போனார்கள். கித்தார் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் செய்த தவற்றைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கித்தார்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

1961ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்தார்கள். அதன்பின் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர்களிடையே கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய் மொழியில் அவற்றுக்குக் 'குகிரான்' என்று பெயர். 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. துள்ளலான கித்தார்க் குழு என்று பொருள். நம்மவர்களும் இதில் பின்தங்கவில்லை. பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் அவருடைய சகோதரர் லோகநாதனும் தொடங்கிய 'அல்லிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றது.

அந்நாளில் அமெரிக்காவின் ஃபெண்டர், கிப்சன் கித்தார்களின் விலை கூலிக்காரன் எட்டக்கூடியதல்ல. ஜப்பான் தொழிற்சாலைகள் அதே உருவத்தில், குறைந்த விலையில் கித்தார்களைச் செய்து உலகமெங்கும் அனுப்பின. நாகானோ மாநிலத்தில் உள்ள மட்சுமோட்டோ என்னும் நகரம் இதற்குப் பேர்போனது. 1960இல் தொடங்கிய ஃபுஜிகென் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அதே நகரத்து மட்சுமோக்கு என்னும் தொழிற்சாலை, முதலில் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தது. மரவேலையில் தேர்ந்த அதே தொழிற்சாலை பிறகு கித்தாரும் செய்தது, 1987இல் மூடப்பட்டது. ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் கித்தார் செய்து கொடுத்ததால், தலையில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இது வழக்குப் போட்ட காலத்துக் கித்தார், அதனால் விலை அதிகம்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். நடந்தது இதுதான்: 1977இல் கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், ஐபனெஸ் கித்தார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. கித்தாரின் தலைப்பகுதி உருவத்தைப் பற்றிய வழக்கு அது. மறு ஆண்டே சமரசமாக முடிந்தது. மரத்தின் தரத்துக்கோ ஒலியின் இனிமைக்கோ அந்த வழக்கில் சம்பந்தம் இல்லை. ஆகவே அந்தப் பேச்சுக்காக ஒரு காசு கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

சரி, கித்தார் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் கழுத்தைப் பாருங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் போன்ற உலோகக் கட்டைகள் கித்தாரின் கழுத்தில் வரிசையாக இருக்கும். தடித்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாவது மெட்டருகே, கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து நலமாக இருக்கிறது. இடைவெளி மிக அதிகமாக இருந்தால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது என்று பொருள். பல கித்தார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதன் மரையைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, சரியான சாவியால், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். இறுகி நிற்கும் மரையைப் பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே முறிந்துவிடும். கழுத்தே முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும், செலவு செய்யலாமா என்று யோசியுங்கள்.

இரண்டாவது, புதுக் கம்பி. துருப்பிடித்த கம்பியோடு எந்தக் கித்தாரும் நன்றாக ஒலிக்காது. மெல்லிய கம்பி 0.009 அங்குலத்தில் தொடங்கும் கட்டு ஒன்று வாங்குங்கள். பழகும் பிள்ளையின் விரலுக்கும், பழைய கழுத்துக்கும் அது சுமையாகாது. பழைய கம்பியைக் கழற்றிய கையோடு, மெட்டுகளையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

மூன்றாவது, கம்பியின் உயரம். வீணையின் குதிரையைப் போல, கித்தாரிலும் கம்பிகளைத் தாங்கும் ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள சிறு திருகாணிகளால் கம்பியை ஏற்றி இறக்கலாம். பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல், தடித்த கம்பி சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்க இலகுவாக இருக்கும். 'விரல் வலிக்கிறது, எனக்கு வராது' என்று கித்தாரை மூலையில் வைத்த பிள்ளைகள் பலர். குறை பிள்ளையிடம் இல்லை. கம்பி உயரத்தில் இருந்தது.

நான்காவது, சுருதி. கம்பியைப் பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே மெல்லத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு நாதம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்தியபோது சுருதி ஏறினால், குதிரையின் அந்தத் துண்டைக் கழுத்தைவிட்டுப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கினால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கம்பி முறுக்கும் சாவிகள் ஆடினால், உடனே புதியது வாங்க வேண்டாம். திருகாணித் துளை பெரிதாகிவிட்டிருக்கும். பல்குச்சியில் மரப்பசை தடவித் துளையில் செருகி, காய்ந்தபின் மறுபடி முடுக்கினால் போதும்.

நேயர்களே, இதுவரை சொன்னதில் கம்பிக்கட்டு ஒன்றைத் தவிரப் பெரிய செலவு இல்லை. ஆனால் கித்தார் பாதிக்கு மேல் உயிர் பெற்றுவிடும்.

அடுத்து மின்சாரப் பகுதி. வீணைக்கு ஒலியைப் பெருக்கக் குடம் இருக்கிறது. மின்சாரக் கித்தாருக்கு அது இல்லை. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் 'பிக்கப்' என்னும் பகுதிதான் அதன் காது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது அந்தச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அது குமிழ்களின் வழியாக வந்து, கேபிள் செருகும் ஜாக்கைத் தாண்டி, பெருக்கிக்குப் போகிறது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு வயது. கித்தாரில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிக்கப்தான் கெட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். கையிலிருந்த காசையெல்லாம் போட்டுப் பெரிய பிக்கப் ஒன்று வாங்கினேன். அது பழைய குழியில் அடங்கவில்லை. உளியை எடுத்து மரத்தைச் செதுக்கினேன், மேல்பலகை பிளந்தது. எல்லாம் முடித்து மாட்டினால், சத்தம் அப்போதும் விட்டுவிட்டுத்தான் வந்தது. கோளாறு ஜாக்கில் இருந்தது. உள்ளே ஒரு வயர் விடுபட்டிருந்தது. வேலை முடிந்து வந்த அப்பா, கித்தாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசவில்லை. 'கழற்றிய பிக்கப் எங்கேடா?' என்று மட்டும் கேட்டார். நான் அதைக் குப்பையில் போட்டிருந்தேன். ஆறு பேர் வியர்வை சிந்தி வாங்கிய பொருள் அது. அதில் என் பங்கு ஒன்று கூட இல்லை.

ஆகவே மின்சாரப் பகுதியைச் சோதிக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அடுத்து ஜாக், அடுத்து சுவிட்ச், அடுத்து குமிழ்கள். கரகரப்புக்கு மின்பொருள் கடைகளில் 'கான்டாக்ட் கிளீனர்' என்று கேட்டு வாங்கி, குமிழின் உள்ளே சிறிது பீச்சி, இருபது முப்பது முறை திருப்புங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஆகாது. குமிழின் பாகத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ஜப்பான் பாகங்களின் தண்டு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். அமெரிக்க அளவு கால் அங்குலம். பார்வைக்கு ஒன்று போலிருக்கும், மாட்டினால் பொருந்தாது. பிக்கப்பை மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. அதை ஏன் மாற்ற வேண்டும்? அந்தக் கால ஜப்பான் பிக்கப்புகள் சிலவற்றின் ஒலியை விரும்பி, அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று உண்டு.

மாற்றியே தீர வேண்டுமென்றாலும் மூன்று விதிகளை மறக்காதீர்கள். மரத்தைச் செதுக்கக் கூடாது. பழைய வண்ணத்தைச் சுரண்டக் கூடாது. கழற்றிய எதையும், ஒரு திருகாணியைக் கூட, எறியாமல் ஒரு மைலோ டின்னில் போட்டு வைக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதைப் பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டும். சாதாரண மின்சாரக் கித்தாரில் ஆபத்தான மின்சாரம் இல்லை, பெருக்கியில் இருக்கிறது. கித்தாரின் கம்பிகள் பெரும்பாலும் கேபிளின் வழியாகப் பெருக்கியின் எர்த்தோடு இணைந்திருக்கும். பெருக்கியில் கோளாறும் இருந்து எர்த்தும் இல்லாவிட்டால், கம்பியைத் தொட்ட கையோடு ஒலிவாங்கியில் வாய் படும்போது உயிரே போகலாம். பழைய பெருக்கியின் இரண்டு முனைப் பிளக்கை, மூன்று துளைச் சாக்கெட்டில் பென்சிலைக் குத்திச் செருகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். கம்பியைத் தொட்டதும் சுருக்கென்றால், உடனே சுவிட்சை அடைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பெருக்கி 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். பெருக்கியின் மூடியை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திருவிழாப் பந்தலில் மழை தூறினால், பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கடைசியாக நம் ஊர் ஈரம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியில் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நனைந்த கித்தாரை வெயிலில் வைக்காதீர்கள். ஒட்டுப்பலகை விரிந்து பிரியும். கம்பிகளைத் தளர்த்தி, மூடிகளைக் கழற்றி, நிழலில் காற்றாட நாள்கணக்கில் காய விடுங்கள். நன்றாகக் காயும் முன் கேபிளைச் செருக வேண்டாம். மற்ற நாட்களில் வாசித்து முடித்ததும் கம்பியில் படிந்த வியர்வையைத் துடைத்தாலே துரு பாதி குறையும். மழைச்சாரல் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

எங்கள் கித்தார் இப்போதும் இருக்கிறது. பிளந்த பலகையை ஒட்டியிருக்கிறேன், தழும்பு தெரியும். அப்பா இல்லை; அவருடைய கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு வந்தவர், என் மகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுக் கித்தாரைக் கையில் வாங்கிப் பார்த்தார். 'சத்தம் மாறிப்போச்சு, ஆனா இன்னும் பாடுதே!' என்றார். அந்தப் பழைய பிக்கப்பை அவர் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுக் கித்தாரை இந்த வாரம் கீழே இறக்குங்கள். முதலில் துடையுங்கள், பிறகு கம்பி மாற்றுங்கள், பிறகு உயரத்தையும் சுருதியையும் சரிசெய்யுங்கள். அதன்பின் ஜாக், சுவிட்ச், குமிழ். பிக்கப் கடைசி. ஒரு சம்பளத்துக்கு ஒரு வேலை போதும். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையை ஒரு மாதம் வாசிக்க விடுங்கள். அடுத்து எது தேவை என்பதைக் கித்தாரே சொல்லும்.