எண்ணெய் தின்னும் கிருமியும் எங்கள் ஊர் வயலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தவன் நான். கடலை முதன்முதலாகப் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். அப்படிப்பட்டவன் கடல் கிருமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஆட்கள் வாளி வாளியாக எண்ணெய்க் கசடை அள்ளிய படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் புகுந்தது. வலை, படகு, அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் ஒட்டியது. இரண்டு தடவையும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எண்ணெய் தின்கிற பாக்டீரியா இருக்காமே, அதைக் கொட்டினா போதாதா?"

இருக்கிறது. பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்தில், பெட்ரோலிய ஆலை அருகே கிடைத்த ஒன்றுக்கு 1992-ல் மரினோபாக்டர் ஹைட்ரோகார்பனோகிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். (பெயரை நாம் சொல்லி முடிப்பதற்குள் அது ஒரு துளி எண்ணெயைத் தின்றுவிடும்!) காற்று உள்ள இடத்தில் அது ஆக்சிஜனைச் செருகி எண்ணெய்ச் சங்கிலியை உடைக்கிறது. காற்றில்லாத சேற்றில் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடுகிறது. நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று மாறி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். பாதியில் நின்றால் இன்னும் வம்பு. நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 270 மடங்கு. அப்படி மூச்சு விடும்போது இந்தக் கிருமி தேடுவது அசிடேட் போன்ற சுலபத் தீனியை. நைட்ரேட்டில் மூச்சு விட்டு எண்ணெயையே தின்னும் வேறு கிருமிகளும் உண்டு. ஆனால் ரொம்ப மெதுவாகத்தான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ஓர் ஆலையில் எண்ணெய்க் கசடுக் குழி ஒன்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எண்ணெயில் நைட்ரஜன் மிகக் குறைவு, கிருமி வளர அது வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். 1989-ல் எக்ஸான் வால்டஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய அலாஸ்கா கரையில் உரம் தெளித்ததும் தெரியும். அது காற்றுப் புகும் கூழாங்கல் கரை என்பதை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் நின்ற குழியிலேயே நைட்ரேட் உரத்தைப் போட்டு, கிருமிக்குச் சாணத்தையும் கரைத்து ஊற்றினேன். பத்து நாளில் நைட்ரேட் காலி. எண்ணெய் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கிருமிகள் சாணத்தைத் தின்று, என் உரத்தை மூச்சாக விட்டுவிட்டன. மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல வேண்டாம்.

ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "ஏண்டா, தண்ணியைக் கட்டி வச்சுக்கிட்டு யாராச்சும் உரம் போடுவாங்களா? வடிச்சிட்டுப் போடணும். இல்லாட்டி காத்தோட போயிரும்." நெல் வயலில் அவர் கண்ணால் கண்டது அது. எனக்குப் பட்டம் இருந்தது, அந்த யோசனை இல்லை.

திரும்பிப் போய்க் குழியை வடித்தேன். கசடை மேட்டில் மெலிதாகப் பரப்பி, உழுது, உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டோம். மாதங்கள் ஆயின, ஆனால் எண்ணெய் குறைந்தது.

எண்ணூர்ச் சேற்றை அப்படி உழ முடியாது. அலையாத்தி வேர் போய்விடும், நண்டு போய்விடும். அதனால்தான் எண்ணெய் சேற்றில் இறங்குமுன் முதல் சில நாட்களிலேயே அள்ளியாக வேண்டும் என்கிறேன். கிருமிப் பொடி மூட்டையோடு யாராவது அங்கே வந்து நின்றால், இங்கே ரசாயனமும் உயிரியலும் படிக்கிற நீங்கள் அவரிடம் கேளுங்கள்: சேற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, அளந்தீர்களா என்று.